ஒரு வாக்கில் தொடங்கிய தொண்டு

நுழையும் முன்

சர்தார் வல்லபாய் படேல் என்றதும், ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்களை இந்தியாவோடு இணைத்த உள்துறை அமைச்சரே நம் நினைவுக்கு வருகிறார். அப்பெரும்பணிக்கு முப்பது ஆண்டுகள் முன்பு, அவர் அகமதாபாத் நகரத்தின் குடிநீரையும் சாக்கடையையும் தொடக்கப்பள்ளிகளையும் கவனித்துவந்த நகர்மன்ற உறுப்பினராக இருந்தார். அவருடைய வாழ்வின் அப்பகுதியை இப்பாடம் கூறுகிறது. உள்ளாட்சி மன்றத்தின் கடமைகள் எவை, அம்மன்றம் யாருக்குப் பதில்சொல்லக் கடமைப்பட்டது என்பவற்றையும் இவ்வரலாற்றின் வழியே அறியலாம்.

உழவர் வீட்டுப் பிள்ளை

வல்லபாய் குஜராத்தின் நடியாத் நகரில் பிறந்தார். பள்ளிப் பதிவின்படி அவர் பிறந்த நாள் 1875 அக்டோபர் 31. தந்தையார் ஜவேர்பாய் கரம்சத் என்னும் சிற்றூரைச் சேர்ந்த உழவர், தாயார் லாட்பாய். வறுமையின் காரணமாக வல்லபாயின் கல்வி மெல்லவே நடந்தது. இருபத்திரண்டாம் வயதில்தான் மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றிபெற்றார். பின்னர்த் தாமே சட்டநூல்களைப் பயின்று வழக்குரைஞர் தேர்வு எழுதி, கோத்ரா, போர்சத் ஆகிய ஊர்களில் தொழில் நடத்தினார்.

இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் ஆக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். அதற்காகச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார். பயணச்சீட்டும் வந்துசேர்ந்தது. ஆனால் அது வி. ஜே. படேல் என்னும் பெயரில் இருந்தது. அவருடைய அண்ணன் விட்டல்பாயின் பெயரும் அவ்வாறே சுருங்கும். மூத்தவராகிய தாமே முதலில் செல்லவேண்டும் என்று அண்ணன் விரும்பினார். வல்லபாய் தம் விருப்பத்தை ஒத்திவைத்து அவரை அனுப்பிவைத்தார். அண்ணன் திரும்பிவந்த பின், 1910ஆம் ஆண்டில்தான் அவருக்கு வாய்ப்புக் கிட்டியது. படிப்பை விரைந்து முடித்து 1913இல் தாயகம் திரும்பி, அகமதாபாத் நகரில் குடியேறினார்.

அந்நாளில் அவர் மேனாட்டு உடை அணிந்து, நீதிமன்றத்தில் பெயரும் பொருளும் ஈட்டி, மாலை வேளைகளில் குஜராத் கிளப்பில் நண்பர்களோடு சீட்டாடிப் பொழுது போக்கினார். பொதுவாழ்வில் அவருக்கு நாட்டம் இல்லை. நண்பர்கள் பலமுறை வற்புறுத்திய பின்னரே நகர்மன்றத் தேர்தலில் நிற்க இசைந்தார்.

ஒரு வாக்கு

அகமதாபாத் சபர்மதி ஆற்றங்கரையில் அமைந்த பழைய கோட்டை நகரம். மதில்களுக்குள்ளே போள் எனப்படும் நெருக்கமான குடியிருப்புகள் இருந்தன. மதில்களுக்கு வெளியே துணி ஆலைகள் பெருகிக்கொண்டிருந்தன. ஆலைகளை நாடி வந்தவர்களால் மக்கள்தொகை உயர்ந்தது. தண்ணீரும் கழிவுநீர் வடிகாலும் அதற்கு ஈடுகொடுக்கவில்லை.

இந்நகரின் நிருவாகத்தைக் கவனித்தது நகராட்சி. 1882ஆம் ஆண்டில் அரசப் பிரதிநிதியாக இருந்த ரிப்பன் பிரபு, உள்ளூர்ப் பணிகளை மக்கள் தேர்ந்தெடுத்த மன்றங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அறிவித்தார். அதன் பின் நாடெங்கும் நகராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் எண்ணிக்கை கூடியது. எனினும் வாக்குரிமை எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை. சொத்தும் வரியும் உடையவர்களே வாக்களிக்க முடிந்தது. உறுப்பினர் சிலரை அரசே நியமித்தது. மன்றத்தைக் கலைக்கும் அதிகாரமும் அரசிடமே இருந்தது.

1917ஆம் ஆண்டு சனவரியில் தரியாப்பூர் வட்டத்திற்கு நடந்த இடைத்தேர்தலில் வல்லபாய் போட்டியிட்டார். வாக்குகள் எண்ணப்பட்டபோது அவர் ஒரே ஒரு வாக்கு மிகுதியாகப் பெற்றிருந்தார். எதிர்த்து நின்றவர் முறையிட, அத்தேர்தல் செல்லாது என அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் மீண்டும் நடந்த தேர்தலில் அவர் போட்டியின்றி வென்றார். பிற்காலத்தில் நாட்டின் துணைப் பிரதமராக உயர்ந்தவரின் மக்கள் பணி இவ்வாறு ஒரு வட்டத்தின் சில நூறு வாக்காளர்களிடமிருந்து தொடங்கியது.

தூய்மைப் பணியும் பிளேக் நோயும்

நகர்மன்றம் தன் வேலைகளைக் குழுக்களாகப் பிரித்துக்கொண்டு செய்யும். வல்லபாய் சுகாதாரக் குழுவின் தலைவரானார். குப்பையை அகற்றுதல், கழிவறைகளைத் தூய்மை செய்தல், சாக்கடைகளைப் பேணுதல், நோய் பரவாமல் தடுத்தல் ஆகியவை அக்குழுவின் கடமைகள். புகழ் தராத வேலைகள் என்று பலர் ஒதுங்கும் பொறுப்பு அது.

அகமதாபாத்தில் இப்பணிக்கு ஒரு முன்னோடி இருந்தார். அந்நகரில் முதல் துணி ஆலையை நிறுவிய ரண்சோட்லால் சோட்டாலால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நகராட்சித் தலைவராக இருந்து, குழாய்வழிக் குடிநீரையும் பாதாளச் சாக்கடையையும் கொண்டுவந்தார். வரி கூடும் என்றும் பழைய வழக்கம் கெடும் என்றும் அவரைப் பலர் எதிர்த்தனர். அவர் தொடங்கிய பணி, விரிந்துவிட்ட நகரத்தின் எல்லாப் பகுதிகளையும் எட்டாமல் நின்றிருந்தது.

1917இல் நகரில் பிளேக் நோய் பரவியது. பள்ளிகளும் நீதிமன்றங்களும் மூடப்பட்டன. வசதி உடையோர் ஊரைவிட்டு வெளியேறினர். வல்லபாய்க்கு அந்நோயின் கொடுமை புதிதன்று. சிற்றூரில் வழக்குரைஞராக இருந்த காலத்தில் அவரே அதனால் தாக்கப்பட்டு மீண்டிருந்தார். ஆயினும் அவர் நகரை விட்டுச் செல்ல மறுத்தார். நோய் பரவிய தெருக்களுக்கு நேரில் சென்று, சாக்கடைகள் தூய்மை செய்யப்படுவதையும் மருந்து தெளிக்கப்படுவதையும் மேற்பார்வையிட்டார். குழுவின் தலைவரே தெருவில் நின்றதால், ஊழியர்களும் வேலையை விட்டு நீங்கவில்லை. மக்களும் ஓரளவு அச்சம் தணிந்தனர்.

உள்ளாட்சியின் தனித்தன்மை இங்கு விளங்குகிறது. தொலைவிலுள்ள அரசு ஆணை பிறப்பிக்கலாம். அடைபட்ட சாக்கடை எந்தத் தெருவில் உள்ளது என்பதை அத்தெருவில் நடப்பவரே அறிவார்.

தீர்மானத்தை நிறைவேற்றுவது யார்?

நகராட்சியில் முடிவெடுப்பது மன்றம். அம்முடிவைச் செயற்படுத்துவது அலுவலர்கள். இவ்விரண்டும் இணங்கி நடந்தால் நகரம் நலம்பெறும். அகமதாபாத்தில் அன்று அரசு அனுப்பிய ஆங்கிலேய ஆணையர் ஒருவர் பொறுப்பில் இருந்தார். பொதுக் குளம் ஒன்று தொடர்பாக மன்றம் எடுத்த முடிவை அவர் நிறைவேற்றவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களை அவர் மதிப்பதில்லை என்னும் குறையும் இருந்தது.

பெரும்பாலோர் இதைப் பற்றித் தனியே குறைகூறி அடங்கிவிட்டனர். வல்லபாய் அவ்வாறு செய்யவில்லை. வழக்கு ஒன்றைத் தயாரிப்பதுபோலக் கோப்புகளையும் கடிதங்களையும் திரட்டி, நாள் வாரியாக அடுக்கி, மன்றத்தின் முன் வைத்தார். ஆணையரின் செயலைக் கண்டித்துத் தீர்மானம் கொண்டுவந்தார். தனிமனிதர் மீது வசைமொழி எதுவும் அதில் இல்லை, சான்றுகளே பேசின. தீர்மானம் நிறைவேறியது. பின்னர் அவ்வாணையர் அங்கிருந்து மாற்றப்பட்டார்.

அலுவலர்களைப் பகைத்துக்கொள்வது வல்லபாயின் நோக்கமாக இருந்ததில்லை. திறமையும் நேர்மையும் உடைய பொறியாளர்களையும் ஊழியர்களையும் அவர் பாதுகாத்தார். மக்களின் வரிப்பணத்தில் இயங்கும் அலுவலகம் மக்களின் மன்றத்திற்குப் பதில்சொல்ல வேண்டும் என்பதே அவர் நிலைநாட்டிய முறை.

பள்ளிகளுக்காக ஒரு போராட்டம்

இதற்கிடையே காந்தியடிகளின் தொடர்பு வல்லபாயின் வாழ்வை மாற்றியது. 1918ஆம் ஆண்டு கேடா மாவட்டத்தில் விளைச்சல் பொய்த்த உழவர்களுக்காக நடந்த அறப்போராட்டத்தில் அவர் முன்னின்றார். மேனாட்டு உடையைத் துறந்து கதர் உடுத்தினார். 1920இல் ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியதும் வழக்குரைஞர் தொழிலையும் விட்டார். எனினும் நகராட்சிப் பணியை விடவில்லை.

நகரின் தொடக்கப்பள்ளிகளை நடத்துவது நகராட்சியின் கடமை. அதற்கான செலவில் பெரும்பகுதியை நகரமக்களின் வரிப்பணம் ஏற்றது. அரசு ஒரு பகுதியை மானியமாக அளித்தது. அம்மானியத்தைக் காரணமாகக் கொண்டு பள்ளிகளின் மீது அரசு முழு அதிகாரம் செலுத்தியது. 1921ஆம் ஆண்டில் அகமதாபாத் நகர்மன்றம் துணிவான முடிவொன்றை எடுத்தது. அரசின் மானியம் வேண்டா. அரசின் கல்வி ஆய்வாளர்களும் வரவேண்டா. பள்ளிகளை மன்றமே தன் பொருளைக் கொண்டு நடத்தும் என்று தீர்மானித்தது. இம்முடிவின் பின்னால் நின்றவர் வல்லபாய்.

உரிமையைக் கேட்பவர் சுமையையும் ஏற்கவேண்டும். மானியம் நின்றதால் ஏற்பட்ட குறையை மன்றம் தானே ஈடுசெய்தது. பள்ளிகள் மூடப்படவில்லை. ஆசிரியர்கள் வகுப்புகளைத் தொடர்ந்தனர்.

அரசு எச்சரித்தது, பின்னர் 1922 பிப்ரவரியில் நகர்மன்றத்தையே கலைத்து, தான் நியமித்த குழு ஒன்றிடம் நகரை ஒப்படைத்தது. பதவி இழந்த உறுப்பினர்கள் சோர்ந்துவிடவில்லை. மக்களிடம் நன்கொடை திரட்டி, மக்கள் கல்விக் கழகம் ஒன்றின் வழியே தனியே பள்ளிகளை நடத்தினர். நகராட்சிப் பணத்தை முறைகேடாகச் செலவிட்டதாகக் கூறி, உறுப்பினர்களிடமிருந்து அத்தொகையைப் பெற அரசு வழக்குத் தொடுத்தது. அவ்வழக்கில் அரசு வெற்றிபெறவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் தேர்தல் நடந்தது. கலைக்கப்பட்ட மன்றத்தைச் சேர்ந்த பலரை மக்கள் மறுபடியும் தேர்ந்தெடுத்தனர். வல்லபாய் 1924இல் நகராட்சித் தலைவரானார்.

தலைவர் பொறுப்பில்

அக்காலத்தில் விடுதலை இயக்கத்தின் தலைவர்கள் பலர் உள்ளாட்சியில் பயிற்சி பெற்றனர். சித்தரஞ்சன் தாஸ் கல்கத்தா மாநகராட்சியின் மேயராகவும், ஜவாகர்லால் நேரு அலகாபாத் நகராட்சித் தலைவராகவும், இராசேந்திர பிரசாத் பாட்னா நகராட்சித் தலைவராகவும் பணியாற்றினர். வல்லபாய் நகர்மன்றத்தில் நுழைந்த அதே 1917இல், தமிழ்நாட்டின் சேலம் நகராட்சித் தலைவர் பொறுப்பை இராஜாஜி ஏற்றார். நாட்டை ஆளும் உரிமை கேட்டவர்கள், ஒரு நகரை ஆளும் திறமையை முதலில் மெய்ப்பித்துக் காட்டினர்.

தலைவரான வல்லபாய், தொண்டர்களோடு தாமும் துடைப்பம் ஏந்தித் தெருக்களைத் தூய்மை செய்தார். ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த பகுதியிலிருந்தே அப்பணியைத் தொடங்கினார். வரிப்பணத்தின் பயன் செல்வர் தெருக்களில் மட்டும் தங்கிவிடலாகாது என்பதை அச்செயல் உணர்த்தியது. குடிநீர் வழங்கலும் கழிவுநீர் வடிகாலும் அவருடைய காலத்தில் விரிவடைந்தன. மதிலுக்கு வெளியே வளர்ந்த பகுதிகளுக்கு முறையான நகரமைப்புத் திட்டங்கள் தீட்டப்பட்டன. பெண்கள் நகர்மன்றத் தேர்தலில் நிற்கத் தடையாக இருந்த விதியை நீக்கவேண்டும் என்று உறுப்பினராக இருந்தபோதே அவர் வலியுறுத்தியிருந்தார்.

மழை பெய்த இரவு

1927 சூலையில் குஜராத்தில் பெருமழை பெய்தது. நாள்கணக்கில் நிற்காத மழையால் அகமதாபாத்தின் தாழ்வான பகுதிகளில் நீர் ஏறியது. ஓரிரவு வல்லபாய் உறங்கவில்லை. நள்ளிரவில் கொட்டும் மழையில் வீட்டை விட்டுப் புறப்பட்டார். நண்பர் ஒருவரை எழுப்பி உடன் அழைத்துக்கொண்டு, இருளில் தெருத்தெருவாக நடந்து, நீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்தார். பின்னர் நகராட்சிப் பொறியாளரின் வீட்டுக்குச் சென்று அவரை எழுப்பினார். நீர்ப்போக்கைத் தடுத்துநின்ற சிறுபாலங்களை உடைத்து வழி திறக்கச் செய்தார். தேங்கிய நீர் வடியத் தொடங்கியது.

அந்த முடிவை எடுக்க அவருக்கு நெடுநேரம் தேவைப்படவில்லை. பத்தாண்டுகளாக அந்நகரின் வடிகால்களை அவர் நடந்து பார்த்திருந்தார். நீர் எவ்வழியே வரும், எவ்விடத்தில் தடைப்படும் என்பதை அவர் அறிந்திருந்தார். சுகாதாரக் குழுவில் செய்த புகழற்ற வேலை அவ்விரவில் பலரைக் காத்தது. மழை ஓய்ந்தபின் குஜராத் முழுவதும் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கு உணவும் விதையும் கிடைக்கத் தொண்டர்களைத் திரட்டி உதவினார்.

நகரிலிருந்து நாட்டுக்கு

1928இல் வல்லபாய் நகராட்சித் தலைவர் பதவியிலிருந்து விலகினார். அவ்வாண்டு பர்தோலி வட்டத்தில் நிலவரி உயர்வை எதிர்த்து உழவர்கள் நடத்திய போராட்டத்திற்கு அவர் தலைமை தாங்கினார். ஊர்தோறும் தொண்டர்களை அமர்த்தி, நாள்தோறும் செய்தி திரட்டி, ஒழுங்கு குலையாமல் அதை நடத்தினார். அரசு பணிந்தது. மக்கள் அவரைச் சர்தார் என்று அழைக்கத் தொடங்கினர். ஒரு நகரின் கோப்புகளையும் தெருக்களையும் கற்றறிந்த அதே பழக்கமே பின்னாளில் சமஸ்தானங்களை இணைக்கும் பெரும்பணியிலும் அவருக்குத் துணைநின்றது. 1950 டிசம்பர் 15ஆம் நாள் பம்பாயில் அவர் மறைந்தார்.

அவர் காலத்து நகர்மன்றங்களுக்கு இருந்த குறைகள் பல இன்று சட்டத்தால் நீக்கப்பட்டுள்ளன. 1992இல் இயற்றப்பட்ட அரசமைப்பின் 73ஆம் திருத்தம் ஊராட்சிகளுக்கும், 74ஆம் திருத்தம் நகராட்சிகளுக்கும் அரசமைப்புத் தகுதி வழங்கின. பதினெட்டு வயது நிறைந்த குடிமக்கள் அனைவருக்கும் வாக்குரிமை உண்டு. மன்றத்தின் காலம் ஐந்தாண்டு. கலைக்கப்பட்டால் ஆறு மாதத்திற்குள் தேர்தல் நடத்தவேண்டும். உறுப்பினர் இடங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்கவேண்டும். நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பதினெட்டுப் பணிகளை அரசமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணை பட்டியலிடுகிறது. குடிநீர், பொதுச்சுகாதாரம், சாலைகள், நகரமைப்பு, தெருவிளக்கு, பூங்கா ஆகியவை அவற்றுள் சில.

சட்டம் மன்றத்தை அமைத்துத் தரும். அதற்கு உயிர் தருவோர் உறுப்பினரும் வாக்காளருமே. ஒரு வாக்கின் மதிப்பு என்ன என்று எவரேனும் ஐயுற்றால், 1917ஆம் ஆண்டு தரியாப்பூரில் விழுந்த அந்த ஒரு வாக்கை நினைத்துப் பார்க்கலாம்.

அருஞ்சொற்பொருள்

சமஸ்தானம் – மன்னர் ஆட்சிக்கு உட்பட்ட பகுதி
வட்டம் – தேர்தலுக்காகப் பிரிக்கப்பட்ட நகரின் பகுதி, மாவட்டத்தின் உட்பிரிவு
மானியம் – அரசு வழங்கும் உதவித்தொகை
தீர்மானம் – மன்றத்தில் எடுக்கப்படும் முடிவு
இசைந்தார் – உடன்பட்டார்
ஐயுறுதல் – சந்தேகப்படுதல்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. வல்லபாய் எந்த வட்டத்திலிருந்து நகர்மன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்?
2. சுகாதாரக் குழுவின் கடமைகள் யாவை?
3. 1917இல் சேலம் நகராட்சித் தலைவர் பொறுப்பை ஏற்றவர் யார்?

ஆ. ஒரு பத்தியில் விடை தருக.
1. ஆணையரின் செயலை வல்லபாய் மன்றத்தில் எதிர்த்த முறையை விளக்குக.
2. அரசின் மானியத்தை மறுத்ததால் நகர்மன்றம் ஏற்ற சுமை யாது? அம்முடிவு சரியா என்பது குறித்து உம் கருத்தை எழுதுக.
3. 1922இல் மன்றம் கலைக்கப்பட்டதையும் இன்றைய சட்டவிதியையும் ஒப்பிடுக.

இ. பிரித்து எழுதுக.
அவ்விரவில், பெருமழை, தெருவிளக்கு, வரிப்பணம்

ஈ. செயல்பாடு
நீங்கள் வாழும் பகுதி எந்த உள்ளாட்சி மன்றத்தைச் சேர்ந்தது என்று கேட்டறிக. உங்கள் தெருவில் தீர்க்கப்பட வேண்டிய குறை ஒன்றைக் குறிப்பிட்டு, வட்ட உறுப்பினருக்குத் தமிழில் விண்ணப்பக் கடிதம் எழுதுக.